வேகமான டிஸ்க் வாங்கியும் கோடைக் கணிப்பு தப்புவது ஏன்? குளிர்பான ஆலைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்துவிட்டால் குளிர்பான ஆலையில் காலை ஆறு மணி ஷிப்டுக்கு முன்பே அன்றைய திட்டம் லைனுக்குப் போய்விட வேண்டும். எந்தச் சுவை, எந்த பாட்டில், எத்தனை கேஸ் (பெட்டி) என்று அதில் இருக்கும். ஆனால் கடைகளில் என்ன விற்றது என்ற கணக்கு விநியோகஸ்தர்களிடமிருந்து வந்து முடிய இரவு பதினொன்றாகிவிடும். இடையில் இருப்பது ஏழு மணி நேரம். அதற்குள் தரவை ஏற்றி, சரிபார்த்து, பழைய வருடங்களோடு இணைத்து, விற்பனைக் கணிப்பை ஓட்டி, திட்டமாக்கித் தர வேண்டும். அந்த ஓட்டம் காலை எட்டு மணிக்குத்தான் முடிகிறது என்றால் திட்டம் போடுபவர் காத்திருக்க மாட்டார். போன வருட எண்ணில் பத்து சதவீதம் கூட்டிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்.

வேகமான சேமிப்பகம் உதவுவது இந்த ஏழு மணி நேரத்தில்தான். அது கணிப்பைத் திருத்தாது, நேரத்தை மட்டும் மீட்டுத் தரும். பல ஆலைகளில் மீட்க வேண்டிய நேரம் டிஸ்க்கில் இருப்பதே இல்லை.

அளந்து பார்க்காமல் வாங்குவது

இரவு ஓட்டம் நடக்கும்போது லினக்ஸ் சர்வராக இருந்தால் டிஸ்க்கின் வேலையை அளக்கும் ஐஓஸ்டாட் கட்டளையை ஐந்து விநாடிக்கு ஒருமுறை பதியும்படி ஓடவிடுங்கள். விண்டோஸ் என்றால் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் போதும். பார்க்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு வாசிப்புக்கும் டிஸ்க் எத்தனை மில்லிவிநாடி காக்க வைக்கிறது, அதே நேரத்தில் சிபியு என்ன செய்கிறது. காத்திருப்பு 20, 30 மில்லிவிநாடி, சிபியு சும்மா இருக்கிறது என்றால் குற்றவாளி டிஸ்க்தான். காத்திருப்பு ஒரு மில்லிவிநாடிக்குள், ஒரே ஒரு கோர் (சிபியுவுக்குள் தனியே வேலை செய்யும் அலகு) மட்டும் நூறு சதவீதத்தில் கொதிக்கிறது என்றால் நிரல் ஒற்றை வரிசையில் ஓடுகிறது என்று அர்த்தம். அங்கே எந்த டிஸ்க்கைப் போட்டாலும் ஐந்து நிமிடம்கூட மிஞ்சாது.

தரவின் அளவையும் ஒருமுறை கையால் கணக்குப் போடுங்கள். 40 வகைச் சரக்கு, 300 விநியோகஸ்தர், நாள்வாரிக் கணக்கு, ஐந்து வருடம் என்று வைத்தால் சுமார் 2.2 கோடி வரிகள். வரிக்கு 100 பைட் வைத்தால் 2.2 ஜிபி. இது இன்றைய மடிக்கணினியின் நினைவகத்திலேயே அடங்கிவிடும். கடைவாரி பில் வரை இறங்கினால் கொஞ்சம் பெரிதாகும். 60,000 கடை, வாரத்துக்கு ஒன்றரை முறை விற்பனையாளர் வருகை, பில்லுக்கு ஆறு வரி என்றால் வருடத்துக்கு 2.8 கோடி வரி. ஐந்து வருடத்துக்கு 14 ஜிபி. சர்வரில் 64 ஜிபி ரேம் இருந்தால் இதுவும் மொத்தமாக உள்ளே உட்கார்ந்துவிடும். நடுத்தர ஆலைக்கு முதல் செலவு ரேமாக இருப்பதுதான் புத்திசாலித்தனம். டிஸ்க் அதற்கு அடுத்தது.

எந்த வேகம் வேண்டும் என்று தெரியாமல் பெட்டியில் போட்ட எண்ணை நம்புவது

விளம்பரத்தில் "விநாடிக்கு 7,000 எம்பி" என்று கொட்டை எழுத்தில் இருப்பது தொடர் வாசிப்பு வேகம். அந்த 14 ஜிபியைத் தொடர்ச்சியாகப் படிக்க சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். சுழலும் தட்டு இல்லாத சில்லு டிஸ்க்கான எஸ்எஸ்டி, பழைய சாட்டா இணைப்பில் ஓடினால் அரை நிமிடம், வேகமான என்விஎம்இ இணைப்பில் ஓடினால் சில விநாடிகள். மிச்சம் ஒன்றரை நிமிடம்தான். இதற்காகவா லட்சக்கணக்கில் செலவு?

வித்தியாசம் வெடிப்பது சிதறிய வாசிப்பில். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிக்கச் சொன்னால் விநாடிக்கு 120 தடவை அளவுக்குத்தான் தாங்கும். விநியோகஸ்தர் வாரியாக, சரக்கு வாரியாகத் தனித்தனியே தேடும் வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) பத்து லட்சம் துண்டுகளை எடுக்க வேண்டியிருந்தால் அதற்கு இரண்டே கால் மணி நேரம் போகும். ஒரு துண்டுக்கு 0.1 மில்லிவிநாடி எடுக்கும் எஸ்எஸ்டியில் அதே வேலை 100 விநாடி. எனவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது சிறு துண்டு, சிதறிய வாசிப்பு, குறைந்த வரிசை ஆழம் (ஒரே நேரத்தில் காத்திருக்கும் கோரிக்கைகள் குறைவு) ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையில் தாமதம் எவ்வளவு என்பதை. அந்த எண் பெட்டியின் மேல் இருக்காது.

பில் போடும் சர்வரிலேயே கணிப்பையும் ஓட்டுவது

இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் தவறு. பில், இருப்பு, கணக்கு எல்லாம் நடக்கும் ஈஆர்பி மென்பொருளின் தரவுத்தளத்தில் நேரடியாகக் கணிப்பு வினவலை ஓட்டுவார்கள். ராத்திரியில் யார் பில் போடப்போகிறார்கள் என்று நினைப்பு. கோடையில் டெஸ்பாட்ச் ராத்திரி முழுக்க நடக்கும். லாரிக்கு கேட் பாஸ் போட வேண்டியவர் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார், கணிப்பு வினவலும் நகராது, இரண்டும் ஒரே டிஸ்க்கின் தலையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். புது டிஸ்க் போட்டால் வலி குறையும், நோய் அப்படியே இருக்கும். ஈஆர்பியிலிருந்து தொடர்ந்து நகலாகும் வாசிப்புப் பிரதி ஒன்றைத் தனி சர்வரில் வைத்து, கணிப்பை அங்கே ஓட்டுங்கள். என்விஎம்இ அந்தப் பிரதியில் இருந்தால் போதும்.

டிஸ்க்கைப் பறக்கவிட்டு, கம்பியை மறப்பது

என்விஎம்இ நிறைந்த சேமிப்புப் பெட்டியை வாங்கி ஒரு கிகாபிட் ஸ்விட்சில் செருகினால் விநாடிக்கு 110 எம்பிக்கு மேல் ஒன்றும் வராது. அது பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகம். பத்து கிகாபிட் ஸ்விட்ச், அதற்கான கார்டு, கேபிள் எல்லாம் சேர்த்து மதிப்பீடு போடுங்கள். அல்லது டிஸ்க்கைக் கணிப்பு ஓடும் சர்வருக்குள்ளேயே போடுங்கள். ஒரே ஒரு கணிப்பு சர்வர் மட்டும் இருக்கும் ஆலைக்கு இரண்டாவது வழியே மலிவு, வேகமும் அதிகம்.

வீட்டு உபயோக எஸ்எஸ்டியை ஆலையில் மாட்டுவது

மலிவான எஸ்எஸ்டிகளில், குறிப்பாக ஒரு செல்லில் நான்கு பிட் எழுதும் வகைகளில், முன்பக்கம் ஒரு வேகமான தற்காலிகப் பகுதி இருக்கும். சோதனைக்கு ஐந்து ஜிபி எழுதிப் பார்க்கும்போது எல்லாம் அருமையாகப் போகும். இரவு ஓட்டத்தில் இடைநிலை அட்டவணைகளை நூறு ஜிபி அளவுக்கு எழுதும்போது அந்தப் பகுதி நிரம்பி, வேகம் பத்தில் ஒரு பங்காக விழும். ஹார்ட் டிஸ்க்குக்குக் கீழே இறங்கும் மாடல்களும் உண்டு. எனவே வாங்கும் முன் அரை மணி நேரம் விடாமல் எழுதிப் பார்த்துத்தான் வேகத்தை எடைபோட வேண்டும்.

இன்னொன்று மின்சாரம். பாட்டில் ஊதும் இயந்திரத்துக்குக் காற்று தரும் உயரழுத்த கம்ப்ரசர்கள் கிளம்பும்போது வோல்டேஜ் சரியும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும்வரை இருக்கும் இடைவெளி வேறு. தரமான சர்வர் எஸ்எஸ்டிகளில் சிறு மின்தேக்கிகள் இருக்கும். மின்சாரம் போன கணத்தில் கையில் உள்ள தரவை எழுதி முடிக்க அவை உதவும். இவை இல்லாத டிஸ்க் இரண்டு வகையில் கெடுக்கும்: மின்வெட்டில் தரவுத்தளம் சிதையலாம், சாதாரண நாளிலும் ஒவ்வொரு கமிட்டுக்கும் (எழுதியதை உறுதிசெய்யும் கட்டளை) செல்லில் எழுதும்வரை காக்க வைக்கும். மின்னிழப்புப் பாதுகாப்பு உள்ள டிஸ்க், ஆன்லைன் வகை (எப்போதும் தன் வழியாகவே மின்சாரம் தரும்) யுபிஎஸ் இரண்டும் கட்டாயம். இரண்டு டிஸ்க்கை ஒன்றுக்கொன்று கண்ணாடியாக, ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் எழுதும்படி வைத்தால் போதும். எழுத்துச் சுமை அதிகமுள்ள இடத்தில் ரெய்டு ஐந்து (தரவைப் பல டிஸ்க்குகளில் பிரித்து, மீட்புக் கணக்கும் சேர்த்து எழுதும் முறை) வேண்டாம். ஒரு சிறு எழுத்துக்கு அது நான்கு வேலை செய்யும்.

டிஸ்க்கை மாற்றி, பழக்கத்தை மாற்றாமல் விடுவது

ஒரு நாளின் பில் வரிகள் ஒரு லட்சம் என்று வையுங்கள். நிரல் அவற்றை வரி வரியாகச் செருகி, ஒவ்வொன்றுக்கும் கமிட் போட்டால் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு வரிக்கும் கிட்டத்தட்ட ஒரு சுற்றுக் காத்திருக்கும். அதாவது 8.3 மில்லிவிநாடி. மொத்தம் 14 நிமிடம். அதே லட்சம் வரிகளைக் காப்பி கட்டளையால் ஒரே மூச்சில் ஏற்றி ஒரே கமிட் போட்டால் சில விநாடிகள்தான். இந்தத் திருத்தத்துக்குச் செலவு பூஜ்யம். புது டிஸ்க் வாங்கும் முன் செய்ய வேண்டியது இது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் மறப்பார்கள். சிதறிய வாசிப்பின் விலையைக் குறிக்கும் அமைப்பு அதில் 4 என்று வைக்கப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் காலத்து மதிப்பு அது. எஸ்எஸ்டிக்கு மாறியபின் 1.1 என்று குறைக்காவிட்டால், இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டி) இருந்தும் தரவுத்தளம் முழு அட்டவணையையும் துழாவும் வழியைத் தேர்ந்தெடுக்கக்கூடும். அது தனக்கென ரேமில் ஒதுக்கும் பகிர்வு நினைவகமும் வெறும் 128 எம்பியில் நிற்கும். அதை மொத்த ரேமில் கால் பங்கு ஆக்குங்கள்.

பழைய வருடத் தரவை சிஎஸ்வி எனும் வெறும் உரைக் கோப்புகளாக வைத்திருந்தால், தேவையான பத்தியை (நெடுவரிசையை) மட்டும் படிக்க விடும் பார்க்கே போன்ற வடிவத்துக்கு மாற்றுங்கள். கணிப்புக்குத் தேவை தேதி, கடை, சரக்கு, எண்ணிக்கை என்ற நான்கு பத்திகள். கோப்பில் உள்ள முப்பது பத்திகளையும் ஏன் படிக்க வேண்டும்? மாதத்துக்கு ஒரு கோப்பாகப் பிரியுங்கள். விநியோகஸ்தருக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று பொடிப் பொடியாக உடைத்தால் கோப்புகளைத் திறந்து மூடுவதிலேயே இரவு கழிந்துவிடும்.

இடம் போதவில்லை என்று பழைய கோடைகளை அழிப்பது

வருடத்துக்கு ஒரு கோடைதான். இரண்டு வருடத் தரவு என்றால் கணிப்பு கற்றுக்கொள்ள இரண்டே எடுத்துக்காட்டுகள். குறைந்தது ஐந்து கோடைகளாவது வேண்டும். அவற்றில் சில கோடைகள் கோடைகளே அல்ல என்பதும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 2017 மார்ச் 1 முதல் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக்கைப் புறக்கணித்தன. அந்த வார எண்களை உள்ளூர் நிறுவனம் வழக்கமான வளர்ச்சி என்று கணிப்பு மாதிரிக்குக் கற்றுக்கொடுத்தால் மோசம்தான். 2020 மார்ச் 25 ஊரடங்கு, 2021 மே முழு ஊரடங்கு இரண்டும் சீசனின் நடுமண்டையில் விழுந்தவை. 2025 செப்டம்பர் 22 முதல் வாயு ஏற்றாத பழச்சாறு பானங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, கோலா வகைகளோ 40 சதவீதத்திலேயே நின்றன. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள மாம்பழ பான விற்பனையை ஒரே கோடாக வரையக் கூடாது. இந்த நாட்களின் தரவு வரிகளை அழிக்கத் தேவையில்லை, நிகழ்வு என்ற தனிப் பத்தியில் கொடி நட்டால் போதும்.

அதே பத்தியில் முகூர்த்த நாட்களையும் ஏற்றுங்கள். வைகாசி, ஆவணியில் கல்யாண மண்டபங்கள் சின்ன பாட்டிலை இழுக்கும், ஆடியிலும் மார்கழியிலும் அது படுத்துவிடும். சோடா விற்பவர்கள் டாஸ்மாக் விடுமுறை நாட்களைச் சேர்க்காமல் கணித்தால் அக்டோபர் 2ஆம் தேதி ஒவ்வொரு வருடமும் சறுக்கும். ரம்ஜான் வருடத்துக்குப் பத்து, பதினோரு நாள் முன்னே நகர்வதால் "போன வருடம் இதே வாரம்" என்ற ஒப்பீடு அங்கே எடுபடாது.

நேற்று தெரிந்திருந்ததைச் சேமிக்காமல், இன்று தெரிவதை வைத்துச் சோதிப்பது

வேகமான சேமிப்பகத்தின் உண்மையான பயன் இங்கே இருக்கிறது, பெரும்பாலோர் கோட்டை விடுவதும் இங்கேதான். ஒரு கணிப்பு முறை நல்லதா என்று அறிய, கடந்த 52 வாரங்களில் ஒவ்வொரு வாரத்திலும் நின்றுகொண்டு அடுத்த வாரத்தைக் கணிக்கச் செய்து, நடந்ததோடு ஒப்பிட வேண்டும். 40 சரக்கு, 300 விநியோகஸ்தர் என்றால் 12,000 விற்பனைத் தொடர்கள். 52ஆல் பெருக்கினால் 6,24,000 ஓட்டங்கள். ஓட்டம் ஒன்றுக்கு 0.2 விநாடி என்றாலும் ஒரு கோரில் 35 மணி நேரம், 16 கோரில் இரண்டே கால் மணி நேரம். தரவை ஒருமுறை நினைவகத்துக்கு ஏற்றிவிட்டுக் கோர்களுக்குப் பங்கிட்டால்தான் இந்தக் கணக்கு நடக்கும். ஓட்டத்துக்கு ஒரு வினவல் போட்டால் ஆறு லட்சம் தடவை தரவுத்தளக் கதவைத் தட்ட வேண்டும்.

அந்தச் சோதனையில் ஒரு திருட்டு தானாக நுழைந்துவிடும். ஏப்ரல் 10 அன்று நின்று கணிக்கும்போது உங்கள் கையில் இருந்தது வானிலைத் துறையின் முன்னறிவிப்பு மட்டுமே. சோதனையிலோ 15ஆம் தேதி உண்மையாகப் பதிவான வெப்பநிலையை எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். திரும்பி வந்த சரக்கு, தாமதமாக ஏறிய பில், திருத்திய விலை எல்லாம் இப்படித்தான் பின்வாசலில் வரும். தாளில் அருமையாகத் தெரிந்த முறை சீசனில் கவிழ்வதற்கு இது முக்கியக் காரணம். மருந்து எளிது: எந்த வரியையும் மேலெழுதாதீர்கள். விற்பனை, இருப்பு, வானிலை முன்னறிவிப்பு, உங்கள் கணிப்பு எல்லாவற்றுக்கும் "எந்த நாளில் நமக்குத் தெரிந்தது" என்ற தேதியோடு புது வரி எழுதுங்கள். தரவு இரண்டு மூன்று மடங்காகும். அதனால் என்ன, டிஸ்க் வாங்கியதே இதற்காகத்தான்.

இருப்பு இல்லாத நாளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். டிப்போவில் (விநியோகக் கிடங்கில்) சரக்கே இல்லாததால் விற்பனை பூஜ்யம் என்றால் அது தேவை பூஜ்யம் ஆகாது. நாள் முடிவு இருப்பு பூஜ்யமாக இருந்த வரிகளைக் குறித்து, கணிப்பிலிருந்து ஒதுக்குங்கள். ஆலையிலிருந்து லாரி ஏறியதை விற்பனை என்று எடுக்கவும் கூடாது. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காகத் தள்ளிய சரக்கெல்லாம் அதில் தேவையாக வேஷம் போடும்.

வேகம் வந்ததும் திட்டத்தைத் தினமும் ஆட்டுவது

ஓட்டம் நாற்பது நிமிடத்தில் முடிய ஆரம்பித்ததும் அடுத்த ஆசை வரும்: தினமும் புதுக் கணிப்பு, தினமும் புதுத் திட்டம். கோலாவிலிருந்து ஆரஞ்சுக்கு லைனை மாற்ற முழுக் கழுவல் போட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். நிமிடத்துக்கு 300 பாட்டில் நிரப்பும் லைனில் அது 18,000 பாட்டில். கேஸுக்கு 24 என்றால் 750 கேஸ். நாற்பது கேஸ் கணிப்பு வித்தியாசத்துக்காக 750 கேஸை இழப்பது வியாபாரம் ஆகாது. லேபிள், ப்ரீஃபார்ம் (ஊதிப் பாட்டிலாக்கும் பிளாஸ்டிக் குழாய்), சர்க்கரை வரத்துக்கும் நாள் பிடிக்கும். கணிப்பைத் தினமும் ஓட்டுங்கள். அடுத்த மூன்று நாள் திட்டத்தைப் பூட்டிவையுங்கள். நான்காம் நாளிலிருந்துதான் புது எண் நுழையட்டும். பூட்டை உடைக்க ஒரு வரம்பு வேண்டும். உதாரணமாக டிப்போ இருப்பு ஒரு நாள் விற்பனைக்குக் கீழே இறங்கினால் மட்டும் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிழையை அளக்கும்போது ஒவ்வொரு கடையின் சதவீதத்தையும் சராசரி எடுக்காதீர்கள். இரண்டு கேஸ் விற்ற இடத்தில் ஐந்து என்று கணித்தால் 150 சதவீதப் பிழை, 2,000 விற்ற டிப்போவில் 1,700 என்று கணித்தால் 15 சதவீதம்தான். லாரி காலியாக நிற்கப்போவது இரண்டாவது இடத்தில். மொத்தப் பிழை கேஸ்களை மொத்த விற்பனை கேஸ்களால் வகுத்து, பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் குறியோடு சாய்வையும் (கூடுதலாகக் கணிக்கிறோமா, குறைவாகவா என்பதை) எழுதி, டிஸ்க் மாற்றிய வாரத்துக்கு முந்தைய எட்டு வார எண்ணோடு வைத்துப் பாருங்கள். அந்த எண் அசையாமல் ஓட்ட நேரம் மட்டும் குறைந்திருந்தால், மேலே சொன்ன தேதிப் பத்தியும் நிகழ்வுப் பத்தியும் இன்னும் காலியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.