பின் ஆக்சிலில் சத்தமா? டிஃபரன்ஷியலைத் திறக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

பின்சக்கரங்களுக்கு விசை போகும் வண்டியில் பின்னாலிருந்து சத்தம் வந்தால் பழி முதலில் டிஃபரன்ஷியல் (இன்ஜின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) மேல்தான் விழும். அதைக் கழற்றிப் போட்ட பிறகு டயர்தான் காரணம் என்று தெரிந்தால் எத்தனை வேதனை! சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள்.

1. டயர்: காற்றைச் சரிபார்த்துவிட்டு, சொரசொரப்பான சாலையிலும் வழவழப்பான சாலையிலும் ஓட்டுங்கள். சாலைக்கேற்பச் சத்தம் மாறினால் டயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். உள்ளங்கையால் தடவினாலே மேடுபள்ளமான தேய்மானம் தட்டுப்படும்.

2. நியூட்ரல்: வெறிச்சோடிய நேர்ச்சாலையில், சத்தம் வரும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருள விடுங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது. சத்தம் அப்படியே தொடர்ந்தால் சந்தேகப் பட்டியலிலிருந்து இன்ஜினை விட்டுவிடலாம்.

3. ஆக்சிலரேட்டர்: இதை அவசரப்படாமல் செய்யுங்கள், அதிகம் சொல்லித்தருவது இந்தச் சோதனைதான். வேகம் கூட்டும்போது, ஒரே வேகத்தில் போகும்போது, காலை எடுக்கும்போது என மூன்று நிலையிலும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஊளைச் சத்தம் ஒரு நிலையில் மட்டும் வந்தால் டிஃபரன்ஷியலில் உள்ள பினியனும் (சின்னப் பல்சக்கரம்) அது சுழற்றும் கிரவுன் வீலும் (பெரிய பல்சக்கரம்) சரியாகக் கடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். வேகம் கூட்டும்போது பல்லின் ஒரு முகம் சுமை தாங்கும், காலை எடுத்ததும் மறுமுகம். அதனால்தான் இந்த வித்தியாசம். பினியன் பேரிங் தேய்ந்தாலும் ஊளை வரும். இந்த இரு பல்சக்கரங்களின் விகிதம் 4:1 என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பினியன் 4 சுற்று சுற்றிவிடும். ஆகவே அதன் ஒலி வீல் பேரிங்கின் உறுமலைவிடக் கீச்சென்றிருக்கும்.

4. திருப்பம்: இடப்பக்கம் வளைத்தால் எடை வலச் சக்கரத்தில் சாயும். அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க வீல் பேரிங்தான். திரும்பும்போது மட்டும் கடகடத்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்ன கியர்களைப் பார்க்க வேண்டும்.

5. 'டங்' சத்தம்: கியர் போட்டுக் கிளட்சை விடும்போது கேட்டால் கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு விசையைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்டை (வளைந்துகொடுக்கும் இணைப்பை) பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் ஆட்டுங்கள். ஜாயின்டில் ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

6. ஆயில்: டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்துப் பார்க்கும்போது, ஊற்றும் துளையின் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். வடித்த பிறகு அது அசையாவிட்டால் புது ஆயில் ஊற்ற வழியிருக்காது. காந்த பிளக்கில் மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. செதில்களோ பல்லின் துண்டோ இருந்தால் அதற்குமேல் வண்டியை ஓட்டாதீர்கள்; டிஃபரன்ஷியலைத் திறந்தே ஆகவேண்டும்.