பாம்பர் கமாண்ட்ல பறந்த தாத்தாவ பத்தி தேடுறது எப்படி?

ரெண்டாம் உலகப்போர்ல உங்க தாத்தா ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) பாம்பர் கமாண்ட்ல, அதாவது குண்டுவீச்சு விமானப் பிரிவுல இருந்தாரா, அப்ப மொதல்ல அவரோட லாக்புக் (ஒவ்வொரு தடவ பறந்ததையும் எழுதி வைக்கற நோட்டு) வீட்ல யார்கிட்டயாவது இருக்கான்னு கேளுங்க. அதுல சிவப்பு மையில எழுதிருந்தா ராத்திரி தாக்குதல், பச்சைன்னா பகல் தாக்குதல், ‘டி.என்.சி.ஓ’ன்னு போட்டிருந்தா வேலைய முடிக்காம பாதியில திரும்பிட்டாங்கன்னு அர்த்தம் (இதெல்லாம் எந்த தாத்தாவும் கதையா சொல்லிருக்க மாட்டாரு).

ஸ்குவாட்ரன் (அவர் இருந்த விமானப் படைக்குழு) நம்பரும் பறந்த தேதியும் கெடைச்சிருச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, லண்டன் கியூல இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல ‘ஏர் 27’ வரிசைல ஸ்குவாட்ரன் பதிவேடு இருக்கு, அதுல ஃபார்ம் 541ல அன்னிக்கு யார் யார் ஒரே விமானத்துல போனாங்க, எத்தன மணிக்கு கெளம்பி எப்ப எறங்குனாங்கன்னு வரிசையா இருக்கும்.

லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துல பொதுவா 7 பேர். மத்த 6 பேரோட குடும்பத்தையும் தேடுங்க, உங்க தாத்தா போட்டோ அவங்க ஆல்பத்துல இருக்க நெறைய சான்ஸ் இருக்கு.

போர்லயே இறந்துட்டார்னா லிங்கன்ல உள்ள இன்டர்நேஷனல் பாம்பர் கமாண்ட் சென்டரோட டேட்டாபேஸ பாருங்க. கல்லறையே இல்லைன்னா இங்கிலாந்துல இருக்கற ரன்னிமீட் நினைவிடத்துல பாருங்க, அங்க 20,000க்கு மேல பேர் செதுக்கிருக்காங்க, அதனால போறதுக்கு முன்னாடியே அவர் பேர் இருக்கற பேனல் நம்பர குறிச்சு வச்சுக்கோங்க.