பழைய நீராவி எஞ்சின் பொம்மையை பிளெண்டரில் நிஜம்போல் ரெண்டர் செய்வது

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாடலிங் ஓரளவு வரும் என்பவர்களுக்கான குறிப்பு இது. பித்தளைக் கொதிகலன், தகர அடுப்பு, ஒரு ஃப்ளைவீல், ஒரு புகைபோக்கி: மேசைமேல் வைத்து ஓட்டும் நீராவி எஞ்சின் பொம்மையை மாடல் செய்வது அப்படியொன்றும் கடினமில்லை. எல்லாம் அளவாக வந்த பிறகும் ரெண்டரில் அது பிளாஸ்டிக்போல் தெரிகிறதே, அதுதான் தொல்லை. அப்போது பலரும் டெக்ஸ்சரைத் தேடி ஓடுகிறார்கள். நான் முதலில் விளிம்புகளைப் பார்ப்பேன், அப்புறம் பித்தளைக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். டெக்ஸ்சர் அதற்கெல்லாம் பிறகுதான்.

தொடங்கும் முன் எந்தக் காலத்து எஞ்சின் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் உலகப் போருக்கு முன் நியூரம்பர்க்கில் பிங் நிறுவனம் செய்த எஞ்சினுக்கும், 1937இல் பர்மிங்காமில் தொடங்கிய மாமோட் எஞ்சினுக்கும் ஜாடையே வேறு. மாமோடிலேயே பழைய எஞ்சின்களுக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கு இருக்கும். 1970களில் அது போய், கட்டி எரிபொருளை வைக்கும் தட்டு வந்துவிட்டது. ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் விளக்கை மாட்டினால் விவரம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். திருகுகளும் அப்படியே. பழைய பொம்மைகளில் திருகுத் தலையில் ஒற்றை வெட்டுதான் இருக்கும். ஒரு திருகைச் செய்து நகலெடுக்கும்போது ஒவ்வொன்றையும் வேறுவேறு கோணத்தில் திருப்பி வையுங்கள். எல்லா வெட்டும் ஒரே திசையில் நின்றால் மனிதக் கை முடுக்கியது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

மாடலை நிஜ அளவிலேயே செய்யுங்கள். பொம்மை 20 செ.மீ. நீளம் என்றால் பிளெண்டரிலும் 20 செ.மீ. அலகை மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் போனால் வியூபோர்ட்டில் மாடல் வெட்டுப்பட்டுத் தெரியும். கிளிப் ஸ்டார்ட்டை (காட்சி தொடங்கும் குறைந்தபட்ச தூரம்) 1 மி.மீ. ஆக்கினால் சரியாகிவிடும். இந்த அளவுக் கட்டுப்பாட்டின் பலன் கேமராவில் கிடைக்கும், பின்னால் சொல்கிறேன்.

தகரத்தின் கனம் அரை மில்லிமீட்டர்கூட வராது. தகட்டுக்குக் கனம் கொடுக்கும் சாலிடிஃபையில் 0.4 மி.மீ. வைத்துப் பாருங்கள், அடுப்பு உடனே தகரமாகிவிடும். 2 மி.மீ. கனத்தில் விட்டால் அது வார்ப்பிரும்பு. விளிம்புகளை மழுங்கச் செய்யும் பெவல் 0.2 அல்லது 0.3 மி.மீ., இரண்டு மூன்று செக்மென்ட் போதும். அதற்கு முன் கண்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்துவிடுங்கள், இல்லையென்றால் பெவல் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும். எந்த உலோக விளிம்பும் கத்திமுனையாக முடிவதில்லை. அந்த மழுங்கலில் விழும் மெல்லிய ஒளிக்கீற்றைப் பார்த்துத்தான் கண் ‘இது உலோகம்’ என்று முடிவு செய்கிறது.

இயந்திரப் பகுதியில் ஒரு விஷயம். இந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றில் சிலிண்டர் அசையாமல் நிற்காது. ஒரு அச்சில் மாட்டப்பட்டு, கிராங்க் சுற்றச் சுற்ற இப்படியும் அப்படியும் ஆடும். ஆடும்போது அதன் முகத்தில் உள்ள துளை ஒரு முறை நீராவி வரும் துளைக்கு நேராக வரும், அடுத்த முறை வெளியேறும் துளைக்கு நேராக வரும். தனியாக வால்வு கிடையாது. ஆகவே பிஸ்டன் தண்டும் சிலிண்டரும் எப்போதும் ஒரே நேர்கோட்டில்தான் இருக்க வேண்டும். சிலிண்டரைப் படுக்கையாக வைத்துவிட்டுத் தண்டை மட்டும் சாய்த்திருக்கும் ரெண்டர்களை நிறையப் பார்க்கலாம். அந்த எஞ்சின் ஓடவே ஓடாது. கிராங்க் ஊசி இருக்கும் இடத்தில் ஒரு எம்ப்டி (ரெண்டரில் தெரியாத வெற்றுக் குறி) வைத்து அதை ஃப்ளைவீல் அச்சோடு பேரன்ட் செய்யுங்கள். சிலிண்டருக்கு அந்த எம்ப்டியை நோக்கி டாம்ப்டு ட்ராக், அதாவது எப்போதும் அதை நோக்கியே திரும்பி நிற்க வைக்கும் கட்டுப்பாடு. தண்டுக்கு எம்ப்டியின் இடத்தை காப்பி லொகேஷனில் கொடுத்து, சிலிண்டர் அச்சை நோக்கி இன்னொரு டாம்ப்டு ட்ராக். இனி ஃப்ளைவீலை எப்படித் திருப்பினாலும் எல்லாம் தானாக அமையும். சிலிண்டர் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்திருக்கும் நிலையில் நிறுத்துங்கள், படத்துக்கு உயிர் வரும்.

இப்போது பித்தளை. பிரின்சிபிள்ட் ஷேடரில் மெட்டாலிக் 1. நிறம் சிவப்பு 0.9, பச்சை 0.78, நீலம் 0.42 அளவில், ரஃப்னெஸ் 0.15 முதல் 0.25 வரை. நீராவிக் குழாய் செம்பு என்றால் 0.95, 0.64, 0.54. எண்கள் இவ்வளவுதான். ஆனால் பளபளப்பான உலோகத்துக்கு என்று பெரிதாகத் தோற்றம் எதுவும் கிடையாது, சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். வெறும் வெள்ளைப் பின்னணியில் வைத்தால் வெளிறிய மஞ்சள் பிளாஸ்டிக்தான் கிடைக்கும். கொதிகலனுக்கு இணையாக, அதைவிட நீளமான ஏரியா லைட் ஒன்றைப் பக்கவாட்டில் மேலே வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புப் பலகை. ஆமாம், வெறும் கறுப்பு பிளேன்தான், கேமராவுக்கு மட்டும் தெரியாமல் ரே விசிபிலிட்டியில் மறைத்துவிடலாம். அந்தக் கறுப்பு பித்தளையில் அடர்ந்த பழுப்புப் பட்டையாக விழும்போதுதான் உருளை உருண்டையாகத் தெரியும். பொருட்களைப் படம் எடுக்கும் புகைப்படக்காரர்கள் கறுப்பு அட்டையை வைத்துச் செய்கிற அதே வேலை. ஏரியா லைட் ஒரே சீரான வெள்ளையாக இருந்தால் பிரதிபலிப்பும் டியூப்லைட் மாதிரி இருக்கும். ஓரங்களில் மங்கிப்போகும் கிரேடியன்ட் ஒன்றை அதற்குக் கொடுங்கள். இவற்றுக்குத் துணையாக, ஜன்னல் உள்ள ஏதாவது ஒரு அறையின் எச்.டி.ஆர்.ஐ. (சுற்றுப்புற ஒளியையும் பிரதிபலிப்பையும் தரும் படம்), குறைந்த வலிமையில். பாலி ஹேவன் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

அடுத்தது பிரதிபலிப்பைக் கொஞ்சம் கெடுப்பது. எனக்குப் பிடித்த வேலை இதுதான். கணினி தரும் உருளை அளவுக்கு மீறி நேர்த்தியானது, அதில் விளக்கின் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் விழும். நிஜக் கொதிகலனில் அந்தக் கோடு லேசாக நெளியும், மூடியைப் பற்றவைத்த இடத்தருகே நன்றாகவே வளையும். பெரிய அளவு நாய்ஸ் (ஒழுங்கற்ற வடிவம்) ஒன்றை மிகக் குறைந்த பம்ப்பாக (பொய்யான மேடுபள்ளமாக)க் கொடுத்தால் நெளிவு வந்துவிடும். மேற்பரப்பு மேடுபள்ளமாகத் தெரிந்தால் அதிகம், பிரதிபலிப்பு மட்டும் அசைந்தால் சரி. மூடியைச் சுற்றி ஈயப் பற்றுக்கு வெள்ளி நிறத்தில் ஒழுங்கற்ற மெல்லிய வளையம் ஒன்றும் வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். தண்ணீர் வற்றிய பிறகும் விளக்கை எரியவிட்டால் கொதிகலன் கசிய ஆரம்பிப்பது அதனால்தான். அப்படி அடிபட்ட எஞ்சினைக் காட்ட நினைத்தால் அந்த வளையத்தில் ஒரு இடத்தைத் தடித்து வழியவிடுங்கள்.

ஃப்ளைவீலில் லேத்தில் கடைந்த முகம் மட்டும் மின்னும், ஆரங்கள் பெயின்ட் அடித்தபடி சொரசொரப்பாக இருக்கும். கடைந்த முகத்துக்கு, ஒளியை ஒரு திசையில் இழுத்துக் காட்டும் அனிசோட்ரோபிக் 0.7, டாஞ்சன்ட் நோடில் ரேடியல். விசிறிபோல் விரியும் அந்த ஒளி தானாக வந்துவிடும்.

அழுக்கை எங்கே வைப்பது? காரணம் இருக்கும் இடத்தில் மட்டும். களிம்பு கை போகாத மூலைகளில் தங்கும்: விசில் அடியில், சேஃப்டி வால்வின் கழுத்தைச் சுற்றி. கொதிகலனின் மேல்புறம் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாகவே இருக்கும். அடுப்பின் பெயின்ட் தீக்கு மேலே கருகி ஒளி இழந்திருக்கும், மற்ற இடங்களில் எனாமல் மினுமினுப்பு அப்படியே. பெயின்ட் பெயர்ந்த இடத்தில் உடனே செந்துரு பூசிவிடாதீர்கள். முதலில் சாம்பல் நிறத் தகரம், அதன் நடுவில்தான் துரு. சிலிண்டருக்குக் கீழே அடித்தட்டில் எண்ணெயும் தண்ணீரும் கலந்த துளிகள் கட்டாயம் வேண்டும், ஓடிய எஞ்சின் அங்கே துப்பாமல் இருக்காது. எங்கும் ஒரே அளவில் கீறல் போடும் ரெடிமேட் கிரஞ்ச் டெக்ஸ்சர்கள் எனக்கு ஆகவே ஆகாது.

நீராவி வேண்டுமென்றால் அதற்கான வால்யூம் (புகைபோல் தெரியும் பரப்பு) குழாய் வாயிலேயே தொடங்கக் கூடாது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து குளிர்ந்து துளிகளானபின்தான் வெள்ளையாகிறது. வாயில் சிறு இடைவெளி விடுங்கள். ஸ்பிரிட் சுடரும் வெளிச்சத்தில் அனேகமாகத் தெரியாது, மங்கிய நீலம் போதும்.

கேமராவுக்கு 100 மி.மீ. லென்ஸ், சுமார் 70 செ.மீ. தூரம், கொஞ்சம் மேலிருந்து பார்வை. கீழே இறக்கினால் பொம்மை ஆலை எஞ்சினாகிவிடும். டெப்த் ஆஃப் ஃபீல்டை (ஃபோகஸுக்கு வெளியே மங்கலாக்குவது) இயக்கி லென்ஸ் துளையை எஃப் 8 வைத்தால் 2 செ.மீ. சொச்சம் கூர்மையாக இருக்கும், எஃப் 2.8இல் 1 செ.மீ.கூடத் தேறாது. மாடலைப் பத்து மடங்கு பெரிதாகச் செய்தவர்களுக்கு இந்த மங்கல் சரியாக வராது, கையால் ஏமாற்ற வேண்டியிருக்கும். நான் எஃப் 11 பக்கம் நிற்பேன், சிலிண்டரில் ஃபோகஸ் வைத்து.

ரெண்டர் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில். கலர் மேனேஜ்மென்டில் ஏஜிஎக்ஸ் (ஒளியைத் திரை நிறமாக மாற்றும் முறை) இருக்கட்டும், பிளெண்டர் 4.0 முதல் அதுதான் இயல்பு நிலை. ஸ்டாண்டர்டில் பித்தளையின் ஒளிப்புள்ளிகள் மஞ்சளாக எரிந்துபோகும். ரெண்டரின் மணல்போன்ற புள்ளிகளை நீக்கும் டீநாய்சர் நுண்ணிய கீறல்களையும் வழித்துவிடும் என்பதால் சாம்பிள்களைத் தாராளமாகக் கூட்டிவிட்டு, டீநாய்ஸ் செய்ததையும் செய்யாததையும் காம்பசிட்டரில் கலந்துகொள்ளுங்கள். கொஞ்சம் மணல்புள்ளிகள் மிஞ்சினால் மிஞ்சட்டும்.