பால்கனி டிக்கெட்னா ஒசத்தின்னு நெனச்சுக்காதீங்க

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து லண்டன் வந்திருக்கீங்களா? நாடகம் பார்க்கப் போகும்முன் இதைப் படிச்சிட்டுப் போங்க.

நம்மூர் சினிமாக் கொட்டகையில் பால்கனிதான் ஒசந்த டிக்கெட்டு. திரைக்குப் பக்கத்தில் கழுத்தொடியப் பார்ப்பது மலிவு. லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டில் இது தலைகீழ். மேடைக்கு எதிரே தரைத்தளம் ஸ்டால்ஸ், அதற்கு மேல் டிரெஸ் சர்க்கிள்; விலையெல்லாம் இங்கேதான் எகிறும். அப்புறம் அப்பர் சர்க்கிள். பால்கனி இருக்கும் அரங்குகளில் அது எல்லாவற்றுக்கும் உச்சியில்.

இது தெரியாமல், ஊரிலிருந்து வந்த அப்பிச்சிக்குப் பெருமையாகப் பால்கனி டிக்கெட் எடுத்தேன். ஏற ஏறப் படி தீரவில்லை. "ஏங்கண்ணு, சென்னிமலைப் படியாட்டம் போய்க்கிட்டே இருக்குது?" என்றார். உட்கார்ந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு, "மூஞ்சியே தெரியலியே, மண்டைதான் தெரியுது."

'ரெஸ்ட்ரிக்டட் வியூ' என்று போட்டிருந்தால் பழைய அரங்கின் தூணோ கைப்பிடிக் கம்பியோ மறைக்கும். விலை குறைவதற்குக் காரணம் அதுதான். ஓரமாகத் தலை சாய்த்துப் பார்ப்பது பரவாயில்லை என்றால் எடுங்க.

காசு குறைக்க வழி உண்டு. லெஸ்டர் ஸ்கொயரில் டிகேடிஎஸ் கவுண்டர் இருக்கிறது, 1980லிருந்து தள்ளுபடி டிக்கெட் விற்கிறார்கள். சில அரங்குகள் அன்றைய ஆட்டத்துக்கு 'டே சீட்' தரும். யாரோ திருப்பித் தந்த டிக்கெட் 'ரிட்டர்ன்ஸ்'. ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடக்கும் குளோப் அரங்கின் முற்றத்தில் நின்றே பார்க்கலாம், மலிவு. ஆனால் கூரை இல்லை, குடை விரிக்க விடமாட்டார்கள்.

மேட்னி நமக்குத் தெரிந்த சொல்தான், மத்தியான ஆட்டம். 'பிரிவ்யூ' என்றால் விமர்சகர்களை அழைக்கும் 'பிரஸ் நைட்'டுக்கு முந்தைய ஆட்டங்கள். நாடகம் இன்னும் செதுக்கலில் இருக்கும். 'அண்டர்ஸ்டடி' என்பவர் வேறு வேடத்தில் நடித்துக்கொண்டே முதன்மை வேடத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பவர். நட்சத்திரத்துக்குக் காய்ச்சல் வந்தால் இவர்தான். அதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்காதீங்க, பெரும்பாலும் கிடைக்காது.

நேரம் மட்டும் முக்கியம். அண்ணமார் கதைக்கு நடுராத்திரியில் போய்ப் பாய் விரிக்கிற பழக்கம் இங்கே செல்லாது. விளக்கணைந்த பிறகு வந்தால், தோதான காட்சி வரும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள்.

இடைவேளையில் சின்ன டப்பாவில் ஐஸ்கிரீம் விற்பார்கள், ஸ்பூன் மூடிக்குள்ளேயே இருக்கும். அப்பிச்சி அதைத் தேடித் தேடி, கடைசியில் டிக்கெட்டாலேயே வழித்துத் தின்றார்.