மீனை எண்ணும் முன் அருவியை எண்ணுங்கள்: மழைக்காட்டு ஓடை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வாரங்களுக்கு முன் முதுகலை மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் முதல் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டோடைகளில் 5 மீன் இனங்கள், தேயிலைத் தோட்டத்து ஓடைகளில் 11 இனங்கள் என்று இரண்டு பட்டைகள் நின்றன. தோட்டத்தில் இடும் உரம் ஓடையில் கலந்து பாசியை வளர்த்து, அதனால் மீன்வளம் பெருகியிருக்கலாம் என்று கீழே ஒரு விளக்கமும் எழுதியிருந்தார். அந்த விளக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய அதே வாக்கியத்தை என் ஆய்வேட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

வலையைக் கிழித்துக்கொள்வது, கருவியை நீரில் நழுவ விடுவது போன்ற பிழைகளை ஓடையே கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

காடும் தோட்டமும்: தவறான ஒப்பீடு

என் களம் ஆனைமலை. வால்பாறை மேட்டுநிலத்தில் மூன்று தோட்டத்து ஓடைகளையும், அதற்கு மேலே அக்காமலைப் பக்கத்துக் காட்டில் மூன்று இடங்களையும் தேர்ந்தெடுத்து, பதினான்கு மாதங்கள் தவறாமல் போய் வலை வீசினேன். முடிவுகளை அடுக்கி, புள்ளியியல் சோதனையும் செய்து, வேறுபாடு உறுதியானது என்ற நிறைவோடு என் துறையின் மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. “மேல் இடத்துக்கும் கீழ் இடத்துக்கும் நடுவில் எத்தனை அருவி இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டு இடங்களுக்கும் ஜீப்பில் போயிருந்தேனே தவிர, நடுவிலிருந்த ஓடையோரமாக ஒருமுறைகூட நடந்ததில்லை.

மலையோடையில் எந்த மீன் எங்கே வாழ்கிறது என்பதைத் தீர்மானிக்கும் முதல் சல்லடை உயரமும் அருவியுமே. மரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஓடை கீழே இறங்க இறங்க அகலும், மடுக்கள் ஆழமாகும், மணலும் கூழாங்கல்லும் சருகும் தனித்தனியே படியும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் புதிய இனங்கள் சேர்ந்துகொண்டே போகும். செங்குத்தாக விழும் ஓர் அருவி போதும், கெண்டை வகைகளில் பெரும்பாலானவற்றைக் கீழேயே நிறுத்திவிடும். அடிவாயின் ஒட்டுத்தட்டால் பாறையைப் பற்றிக்கொள்ளும் கர்ரா வகைகளும், கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும் அயிரைக் குடும்பத்துச் சில மீன்களுமே வழுக்குப் பாறைகளைக் கடந்து மேலே தங்குகின்றன. ஆகவே மேலே குறைவு, கீழே மிகுதி என்பது அருவி எழுதிய கணக்கு. அதில் தேயிலைக்கும் உரத்துக்கும் பங்கு இருந்ததா என்பதை என் தரவைக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. பதினான்கு மாத உழைப்புக்குப் பின் மலையேறினால் மீன் குறையும் என்பதைத்தான் நான் நிறுவியிருந்தேன், அதுவோ அந்த ஊரில் தூண்டில் போடும் சிறுவர்களுக்கே தெரிந்த செய்தி.

இந்தத் தவறு தற்செயலாக நேர்வதன்று என்பதுதான் இன்றும் என்னை எரிச்சலூட்டுகிறது. 1890-களில் இங்கே தோட்டம் போடக் காட்டை அழித்தவர்கள் சீட்டுக் குலுக்கி இடம் பிடிக்கவில்லை. சரிவு குறைந்த, பாதை போடக்கூடிய மேட்டுநிலத்தை எடுத்துக்கொண்டார்கள். செங்குத்துச் சரிவும் உச்சியும் பெரும்பாலும் காடாகவே எஞ்சின. அதனால் வரைபடத்தில் காடு என்று பச்சையாகத் தெரியும் இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தால், உயர்ந்த, குளிர்ந்த, ஒடுங்கிய ஓடைகளே கையில் சிக்கும். வரலாறு ஏற்கெனவே சாய்த்து வைத்த தராசில் நாம் மீனை நிறுக்கிறோம்.

மீன் எண்ணிக்கை மட்டுமல்லாமல் நீரின் அளவீடுகளும் இதே குழியில் விழுகின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே காட்டோடை குளிர்ந்திருப்பதற்கு மரநிழலும் காரணமாகலாம், உயரமும் காரணமாகலாம். இரண்டையும் பிரிக்காமல் நிழலுக்கு முழுப் புகழையும் கொடுக்கக் கூடாது. ஆக்சிஜனிலும் இதே சிக்கல் உண்டு. கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும், 30 டிகிரி நீர் ஏழரை மில்லிகிராம்தான். அதே நீர் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருந்தால் காற்றழுத்தக் குறைவால் மேலும் பத்தில் ஒரு பங்கு குறையும்.

என் விஷயத்தில் இதற்கும் மேலே ஒரு கூத்து நடந்திருந்தது. யானைகள் இறங்கும் முன் திரும்பிவிட வேண்டும் என்பதால் காட்டு இடங்களுக்கு எப்போதும் விடியற்காலையிலும், தோட்டத்து இடங்களுக்குத் திரும்பும் வழியில் பிற்பகலிலும் போனேன். வெயில் படும் ஓடையில் பாசி பகலெல்லாம் ஆக்சிஜனை வெளிவிட்டு இரவெல்லாம் செலவழிக்கும். ஒரே மடுவில்கூட விடியலின் அளவும் பிற்பகலின் அளவும் வேறாக இருக்கும். ஆக நான் காட்டையும் தோட்டத்தையும் மட்டும் ஒப்பிடவில்லை, காலையையும் மாலையையும் சேர்த்தே ஒப்பிட்டிருக்கிறேன். அந்தப் பக்கங்களை இன்றுவரை எங்கும் வெளியிட்டதில்லை.

இதைத் தவிர்க்கும் வேலை ஓடைக்குப் போகும் முன்பே மேசையில் தொடங்குகிறது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை விரித்து, சமவுயரக் கோடுகள் நெருங்கி ஓடையைக் கடக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவையே அருவி இருக்கக்கூடிய இடங்கள். சிறு அருவிகள் வரைபடத்தில் வருவதில்லை, ஆகையால் ஒவ்வோர் ஓடையையும் ஒருமுறையேனும் கால்நடையாகப் பார்த்து, ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு வீழ்ச்சியையும் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே அகலத்தில், அருவிக்கு ஒரே பக்கத்தில் அமைந்த காட்டோடை ஒன்றையும் தோட்டத்து ஓடை ஒன்றையும் இணையாக்குங்கள். அப்படிப் பல இணைகள் வேண்டும். ஒரே ஓடையில் அரைக் கிலோமீட்டர் இடைவெளியில் எடுத்த மூன்று மாதிரிகள் மூன்று ஓடைகள் ஆகிவிடமாட்டா. மேல் மடுவின் நீரும் மீனும்தான் கீழ் மடுவுக்கு வருகின்றன. இணையின் இரண்டு இடங்களுக்கும் ஒரே நேரத்தில் போக முடியாவிட்டால், ஒவ்வொரு மாதமும் முதலில் போகும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இணை கிடைக்கவே இல்லையென்றால் கேள்வியை மாற்றுவதே நேர்மை. தோட்டத்துக்குள்ளேயே, கரையோர மரங்களை விட்டுவைத்த ஓடைகளையும், தேயிலைச் செடி நீர்விளிம்பு வரை நெருங்கி நிற்கும் ஓடைகளையும் ஒரே உயரத்தில் ஒப்பிடலாம். சருகு விழுவது, பூச்சி விழுவது, நிழல் விழுவது ஆகிய மூன்றும் கரையோர மரத்தோடு சேர்ந்தே மாறுகின்றன. மழைக்காட்டு ஓடையின் உணவுக்கணக்கு பெரிதும் அவற்றில்தான் அடங்கியிருக்கிறது. மாணவிக்கும் இதையே சொன்னேன். அவருடைய பதினோரு இனங்களில் ஒன்று திலேப்பியா என்னும் வெளிநாட்டு மீன் என்பதையும் சுட்டிக்காட்டினேன்.

மனிதர் கொண்டுவந்த மீன்

அருவிக்கு மேலே திலேப்பியாவோ கப்பியோ கிடைத்தால், அது ஏறி வந்ததன்று. யாரோ சுமந்து வந்தது. நீலகிரியின் குளிர்நீரில் இன்றும் இருக்கும் டிரவுட் வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டது. ஆனைமலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம், மேற்கே ஓட வேண்டிய சோலையாற்று நீரைச் சுரங்க வழிகளில் கிழக்கே திருப்புகிறது. ஆகவே இரண்டு வடிநிலங்களில் ஒரே மீனைக் கண்டதும் பழைய நிலவியல் காரணங்களைத் தேடத் தொடங்காமல், முதலில் நீர்வளத் துறையின் கால்வாய் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

பழைய பெயரில் புதிய மீன்

நூலகத்தில் கிடைத்த பழைய இனங்காணும் கையேட்டை மட்டும் நம்பி, கையில் வந்த சிறு கெண்டையெல்லாம் புண்டியஸ் என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். 2012-இல் அந்தப் பேரினம் பிரிக்கப்பட்டு டாகின்சியா, பெத்தியா போன்ற புதிய பேரினங்கள் வந்துவிட்டன. தாமிரபரணிக்கே உரிய ஒரு கெண்டையை 1954-இல் மீனியலாளர் சைலஸ், காவிரி இனம் ஒன்றின் துணையினமாகத்தான் விவரித்தார். இன்று அது டாகின்சியா தாம்பரபர்னியே என்னும் தனி இனம். பழைய பட்டியலில் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்திருந்தால், ஓர் ஆற்றுக்கே உரிய மீன் எங்கும் கிடைக்கும் மீனாகத் தோற்றம் கொண்டுவிடும்.

பெயரைச் சரிபார்க்க அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைக்கும் சான்று மாதிரியின் அருமைக்கு காவிரியின் கூன்முதுகு மகசீரைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. நூறாண்டுக்கும் மேலாகத் தூண்டில்காரர்கள் கொண்டாடிய அந்தப் பெருமீனுக்கு, உறுதியான அறிவியல் பெயர் 2018 வரை இல்லை. அமராவதியில் சேரும் பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியேதான் அது என்று அந்த ஆண்டில் தெளிவானது; அதே ஆண்டிலேயே மிக அருகிவிட்ட இனமாகவும் அது பட்டியலிடப்பட்டது. புகைப்படங்கள் ஏராளமாக இருந்தன. அருங்காட்சியகத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க மீன்தான் இல்லை.

ஃபார்மலினில் போடும் முன்

துடுப்பில் ஒரு சிறு துண்டு வெட்டி எத்தனாலில் இடுங்கள். ஃபார்மலின் உடலை நன்றாகக் காக்கும், மரபணுவைக் கெடுத்துவிடும்.

பெயர்ச்சீட்டு

பென்சிலில் எழுதி, புட்டிக்குள்ளே போடவும்.

கோடையின் ஏமாற்று

ஜீப் போகும், நீர் தெளிவாக இருக்கும், அட்டை இருக்காது என்பதால் எல்லோரும் மார்ச் மாதத்தில் போகிறார்கள். அப்போது ஓடை சுருங்கி மீனெல்லாம் சில மடுக்களில் குவிந்திருக்கும். ஒரு வீச்சில் கூடை நிறையும். அது மீன் பெருகியதால் வருவதன்று, தண்ணீர் குறைந்ததால் வருவது. மடுவின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து எழுதாத எண்ணிக்கையைப் பருவத்துக்குப் பருவம் ஒப்பிட வழியில்லை.

ஒரே வலை

வீச்சுவலை திறந்த நீரில் நீந்தும் மீனைத்தான் கொண்டுவரும். கல்லடி அயிரைக்கும் இரவில் திரியும் கெளுத்திக்கும் அது பயனில்லை. கல்லைப் புரட்டி, கீழே கைவலை பிடித்து, எத்தனை நிமிடம் தேடினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடக் கணக்கு இல்லாத இடத்தில் “இந்த இனம் இல்லை” என்று எழுதும் உரிமை உங்களுக்குக் கிடையாது.

அனுமதி

வனத்துறையின் எழுத்துமூல அனுமதி கைக்கு வரும்வரை வலையை மூட்டையிலிருந்து எடுக்காதீர்கள்.

மேலே மழை

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், நீர் கலங்கிச் சருகு கூட்டமாக மிதந்துவரத் தொடங்கினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரையேறுங்கள். நான் இதுவரை இரண்டு வலைகளையும் ஓர் ஆக்சிஜன் மானியையும் அப்படி விட்டுவந்திருக்கிறேன்.