விசுவாசத்தில் சந்தேகம் வந்தவரைத் தேற்றப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வீடு சந்திப்புக்குப் புதிதாக வந்த இரண்டு வாலிபர்களை ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே இருந்தவர் ஒரு மணி நேரம் மனம் திறந்து பேசினார். ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது என்றார். விடைபெற்று வெளியே வந்து வண்டியை எடுப்பதற்குள் ஒரு தம்பி போனை எடுத்துவிட்டான். "அண்ணே, இவங்களுக்காக நம்ம குரூப்ல ஜெபக் குறிப்பு போட்டுரட்டுமா? பேர் போட மாட்டேன்."

அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவன்மேல் கோபம் இல்லை. 14 வருடத்துக்கு முன்னால் அதே காரியத்தைச் செய்தவன் நான்.

சந்தேகப்படுகிறவரைத் திட்டக் கூடாது, நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நல்ல மனதோடு போய்க் கெடுத்துவிட்டு வரும் காரியங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நம்மிடம் சொன்னதை ஜெபக் குறிப்பாக்குவது

அப்போது எங்கள் சபையில் வாலிபர் கூட்டத்தை நான் நடத்திக்கொண்டிருந்தேன். கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருநாள், எல்லாரும் போன பிறகு, கீபோர்டுக்கு உறை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணே, பாட்டெல்லாம் வாசிக்கிறேன். யாருக்கு வாசிக்கிறேன்னுதான் தெரியல." உறையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதையே இழுத்துக்கொண்டிருந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில், "ஜெபக் குறிப்பு இருந்தா சொல்லுங்க" என்றார்கள். நான் எழுந்து, "இசை ஊழியத்துல இருக்கிற ஒரு தம்பி விசுவாசத்துல தளர்ந்திருக்கார், பாரத்தோட ஜெபிச்சுக்குவோம்" என்றேன். பேர் சொல்லவில்லை. எங்கள் சபையில் இசை ஊழியத்தில் இருந்த வாலிபர்களே இரண்டு பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எண்ணெய் பூசி ஜெபிக்க ஒருவர் வீடு தேடிப் போனார். பெரியவர் ஒருவர் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் அவன் தலையில் கைவைத்து அவிசுவாச ஆவியைக் கடிந்துகொண்டார். அடுத்த வாரம் கீபோர்டு உறையைவிட்டு வெளியே வரவே இல்லை. பிறகு அவன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். பண்டிகைக்கு ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போக மாட்டான். உடம்பு, வேலை, மழை எல்லாம் பேசுவான். ஆண்டவரைப் பற்றி மட்டும் பேச்சு வராது.

இதை எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். "எழுதுங்கண்ணே. அம்மாவைப் பத்தி மட்டும் வேண்டாம்" என்றான். அதனால் அந்தப் பகுதியை எழுதவில்லை.

எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்: வெளியே போய்ப் பேசினால் அது புறணி என்று நமக்கே உறைக்கும். கண்ணை மூடிக்கொண்டு அதையே சொன்னால் பாரம் என்று பேராகிவிடுகிறது. "சபைக்குத் தெரியப்படுத்து" என்று மத்தேயு 18-ஐக் காட்டுகிறவர்களும் உண்டு. அந்த இடம் குற்றம் செய்த சகோதரனைப் பற்றியது. அங்கேயும் முதலில் சொல்லியிருப்பது, "நீயும் அவனும் தனித்திருக்கையில்" பேசு என்பதுதான். மனம் தடுமாறி ஒருவர் நம்மிடம் வந்து சொல்வது குற்றமா?

சிறைக்காவலில் இருந்த யோவான்ஸ்நானன், வரவேண்டிய மேசியாவைக் குறித்து, "வருகிறவர் நீர்தானா?" என்று இயேசுவிடமே ஆள் அனுப்பிக் கேட்டார். முன்பு அவரைச் சுட்டிக்காட்டிச் சாட்சி சொன்னவரே யோவான்தான். இயேசு பதில் சொல்லி அனுப்பினார். வந்தவர்கள் போன பிறகு ஜனங்களிடம் யோவானைப் பற்றிப் பேசினார். தளர்ந்துவிட்டார் என்று ஒரு வார்த்தை இல்லை. ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவரிலும் பெரியவன் எழும்பினதில்லை என்றார். மத்தேயு 11-ஐ எத்தனையோ தடவை வாசித்தும், அந்தத் தம்பி போன பிறகுதான் இது என் கண்ணில் பட்டது.

அன்னை தெரசா 1997-இல் இறந்தார். ஏறக்குறைய 50 வருடம் ஜெபத்தில் வெறுமையும் இருட்டுமாகவே அவருக்கு இருந்தது என்பது, 2007-இல் அவர் கடிதங்கள் நூலாக வந்தபோதுதான் பரவலாகத் தெரிந்தது. உயிரோடு இருந்தவரை கல்கத்தா பேராயருக்கும் சில குருக்களுக்கும்தான் தெரியும். அவர்களில் யாராவது ஒருவர் அதை மேடையில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜெபியுங்கள், உங்கள் அறையில். போதகர் ஐயாவிடம் சொல்வது நல்லது என்று பட்டால், மனம் திறந்து பேசியவரிடமே, "ஐயாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். செத்துவிடலாம் போல் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அப்படிச் செய்யப்போவதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மறைந்த பாவம் இருக்கிறதா என்று துருவுவது

எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளைப் படித்துக்கொள்ளுங்கள். பாவம் செய்ததால்தான் இந்தத் துன்பம் என்று பிறகு அவர்கள் பேசிய பேச்சை விட்டுவிடுங்கள்.

களைப்பை அவிசுவாசம் என்று நினைப்பது

சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் வந்தது பிரசங்கம் அல்ல. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வந்தன. சாப்பிட்டார், தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் தூதன். மாதக்கணக்கில் நைட் ஷிப்ட் பார்க்கிறவரிடமும் கைக்குழந்தைக்காரியிடமும் நான் இப்போது முதலில் கேட்பது, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதுதான்.

வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடுவது

நேரில் போங்கள்.

எப்போது திரும்புவார் என்று நாள் எண்ணுவது

"கர்த்தரைக் கண்டோம்" என்று உயிர்த்தெழுந்த இயேசுவைப் பற்றி மற்ற சீஷர்கள் சொல்லியும் தோமா நம்பவில்லை. எட்டு நாள் கழித்துப் பார்த்தால், வீட்டுக்குள் அவர்களோடுதான் இருக்கிறார். நம்பினால் வா, இல்லாவிட்டால் போ என்று யாரும் சொன்னதாக யோவான் சுவிசேஷத்தில் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அந்தத் தம்பி ஊருக்கு வந்திருந்தான். டீ குடித்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்குதாண்ணே?" என்று கேட்டான்.

"நடக்குதுப்பா."

"யார் வாசிக்கிறா?"

"யாரும் இல்ல. கை தட்டித்தான் பாடுறோம்."

வந்து வாசியேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லாமல், கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். நானும் உட்கார்ந்திருந்தேன்.