கட்டணத் தாளில் இல்லாத கல்லூரிச் செலவுகள்: முன்பே கண்டுபிடித்துக் குறைக்கும் வழிகள்

கல்லூரியில் இடம் கிடைத்ததும் கைக்கு வரும் கட்டண விவரத்தை வைத்துத்தான் வீட்டில் பணம் திரட்டுகிறார்கள். படிப்புக் கட்டணம், விடுதி, உணவு என்று எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் மற்றவை வரும்: ஆய்வக அங்கி, சங்கச் சந்தா, தேர்வுக் கட்டணம், பிரிண்ட் எடுக்கும் காசு, புராஜெக்ட் பொருள்கள், விடுமுறைக்கு ஊர் போய்வரும் செலவு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னத் தொகை. அதனாலேயே யாரும் எழுதி வைப்பதில்லை. பாதிப் பருவத்திலேயே கையில் பணம் தீர்ந்துபோய், வீட்டில் மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுக் கடனில் இறங்குகிற மாணவர்கள் நிறையப் பேர். அந்த நிலைக்கு யாரும் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இவற்றில் பெரும்பாலானவை திடீர்ச் செலவுகள் அல்ல. எது எந்த மாதத்தில் வரும் என்று உங்களுக்கு முன்னால் அதே வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும். ஆகவே சிக்கனத்தை அப்புறம் பார்க்கலாம். முதல் வேலை தேதிகளைப் பிடிப்பது.

படி 1: ஒரு வருடம் மூத்தவரிடம் கேளுங்கள்

உங்கள் துறையிலேயே அடுத்த ஆண்டு படிக்கும் ஒருவரைப் பிடியுங்கள். பொதுவாக "எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: முதல் பருவத்தில் எதற்கெல்லாம் தனியாகப் பணம் கட்டினீர்கள், எந்த மாதம்? வாங்கி வைத்து ஒரு தடவைகூடத் தொடாத பொருள் எது? அபராதம் கட்டியது எதற்கு? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். தாமதக் கட்டணம், நூலக அபராதம், மறுதேர்வுக் கட்டணம் ஆகியவை சேரும்போது தரும் கட்டணத் தாளில் பெரும்பாலும் இருக்காது.

படி 2: காலண்டரில் ஏற்றி, மாதத்தால் வகுங்கள்

கேட்டதையெல்லாம் தேதியோடு போனில் உள்ள காலண்டரில் போடுங்கள். ஒவ்வொரு கடைசித் தேதிக்கும் இரண்டு நினைவூட்டல் வேண்டும்: பணம் தயார் செய்யப் பத்து நாள் முன்பு ஒன்று, கட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒன்று. கடைசி நாளில் கல்லூரியின் கட்டண இணையதளம் திணறுவது வழக்கம்.

அப்புறம் மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, கூட்டுத்தொகை 12,000 என்று வந்தால், பத்து மாதக் கல்வியாண்டில் மாதம் 1,200 அதற்கென்றே ஒதுக்க வேண்டும். அன்றாடச் செலவுக்கான கணக்கில் அது இருக்கவே கூடாது. தனிக் கணக்கில் போடுங்கள், அல்லது வீட்டில் உள்ளவரிடம் கொடுத்து வையுங்கள். கையிருப்பு குறைவாகத் தெரிந்தால் நாம் குறைவாகத்தான் செலவழிப்போம்.

படி 3: புத்தகத்தை வகுப்பு தொடங்கும் முன் வாங்காதீர்கள்

அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இதுதான். பாடத்திட்டத்தில் பத்துப் புத்தகம் போட்டிருந்தாலும் ஆசிரியர் பாடம் நடத்துவது பெரும்பாலும் ஒன்றிரண்டிலிருந்துதான். முதல் இரண்டு வாரம் பொறுத்து, எது உண்மையிலேயே தேவை என்று பாருங்கள். அதுவரை நூலகத்தில் உள்ள குறிப்புதவிப் பிரதி போதும். உங்கள் நூலகத்தில் இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் வசதி பல கல்லூரிகளில் உண்டு. கேட்பவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கிறது.

முந்தைய பதிப்பு போதுமா என்று ஆசிரியரிடமே நேராகக் கேளுங்கள். பல பாடங்களில் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது பயிற்சிக் கணக்குகளின் வரிசையும் சில படங்களும்தான். கணக்குகளை மட்டும் நண்பரின் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். சட்டம், வரி, மருத்துவ வழிகாட்டு நெறிகள் போல அடிக்கடி மாறும் பாடங்களுக்கு இது பொருந்தாது. அங்கே புதுப் பதிப்பே வாங்குங்கள்.

பழைய புத்தகம் வாங்கும்போது பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது புத்தகத்தின் அடையாள எண்ணைச் சரிபாருங்கள். ஒரே தலைப்பில் பல பதிப்புகள் இருக்கும். எண் ஒன்றாக இருந்தால் அதே பதிப்பு என்று நம்பலாம். இன்னொன்று: சில பாடநூல்களோடு இணையப் பயிற்சிக்கான நுழைவுக் குறியீடு வரும். பெரும்பாலும் அதை ஒருவர்தான் பயன்படுத்த முடியும். வீட்டுப்பாடத்தை அந்தத் தளத்தில்தான் செய்ய வேண்டும் என்றால், பழைய புத்தகம் வாங்கிவிட்டுக் குறியீட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட நேரிடும். இரண்டு விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இலவச நூல்களும் உண்டு. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற திட்டம் 2012 முதல் இயற்பியல், உயிரியல், பொருளியல், புள்ளியியல் போன்ற பாடங்களுக்கு முழுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் முதலாண்டு அடிப்படைப் பாடங்களுக்கு நன்றாக உதவும்.

படி 4: மடிக்கணினியும் மென்பொருளும்

மடிக்கணினி வாங்கும் முன் துறை அலுவலகத்தில் எந்த மென்பொருள் கட்டாயம் என்று கேளுங்கள். இயந்திரப் பாகங்களை வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ் போன்ற சில மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும்; அழகுக்காக வேறு கணினி வாங்கிவிட்டால் செலவு இரட்டிப்பாகும். வீட்டில் பழைய கணினி இருந்தால் அதன் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். எழுத்து வேலைக்கும் சாதாரண நிரலாக்கத்துக்கும் அதுவே சில வருடம் தாங்கும்.

மென்பொருளுக்குக் காசு கொடுப்பதற்கு முன் கல்லூரி மின்னஞ்சலில் என்னென்ன கிடைக்கிறது என்று பாருங்கள். வரைபடம் வரையும் ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் மாணவர் தொகுப்பில் பல கருவிகள் சேர்ந்தே வரும். கணக்கீட்டு மென்பொருளான மேட்லேப் செய்யும் வேலைகளில் பலவற்றை இலவசமான ஆக்டேவ் செய்யும். புள்ளியியலுக்கு ஆர் (R), மேற்கோள்களைத் தொகுக்க ஜொடீரோ, எழுத்துக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஆபீஸ் ஆகியவையும் இலவசம்.

இலவசச் சோதனைக் காலம் என்று கார்டு எண் கேட்கும் எதிலும் சேர்ந்த உடனே, சந்தா தானாகவே புதுப்பிக்கப்பட்டுப் பணம் பிடிக்கப்படுவதை நிறுத்துங்கள். பெரும்பாலான சேவைகள் சோதனைக் காலம் முடியும்வரை வேலை செய்யும். சில உடனே துண்டித்துவிடும். அவற்றுக்கு முடியும் நாளுக்கு முந்தைய நாளைக் காலண்டரில் போடுங்கள்.

சொந்தமாகப் பிரிண்டர் வேண்டாம் என்பது என் கருத்து. பலவற்றில் கூடவே வரும் மைக்குப்பி அரைகுறையாகத்தான் நிரம்பியிருக்கும். அடுத்த குப்பியின் விலை கையைக் கடிக்கும்.

படி 5: நண்பர்களோடு போகும் பணம்

மிகவும் கடினமான படி இது, ஏனென்றால் இங்கே கணக்கோடு மனசும் கலந்திருக்கிறது. பிறந்தநாள், சுற்றுலா, விழாவுக்கு ஒரே மாதிரி உடை. முடியாது என்று சொல்வதற்கான நேரம், திட்டம் போடும்போதுதான். எல்லோரும் பணம் கட்டிய பிறகு விலகினால் மற்றவர்களின் பங்கு கூடும், வருத்தமும் வரும். "இந்த மாதம் என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் வாய் திறந்தால், அதே நிலையில் இருக்கும் இன்னும் இருவர் நிம்மதி அடைவார்கள். பகிர்ந்த செலவை அன்றைக்கே குழுவில் எழுதி, வாரம் ஒரு முறை தீர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: சின்னக் கடன்களைத் தொடாதீர்கள்

மாதம் 3 சதவீதம் வட்டி என்றால் கேட்கக் குறைவாகத் தெரியும். கட்டாமல் விட்டால் கூட்டுவட்டியில் அது ஆண்டுக்குச் சுமார் 42.6 சதவீதம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாத காலம் பெரும்பாலும் போய்விடும். "இப்போது வாங்கு, பிறகு கட்டு" திட்டங்களில் தவணை சின்னது, ஆனால் நான்கைந்து சேர்ந்தால் எதற்கு எவ்வளவு என்பதே மறந்துபோகும். அவசரம் என்றால் முதலில் மாணவர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அவசர உதவி நிதியோ, கட்டணத்தைத் தவணையில் கட்டும் அனுமதியோ இருக்கக்கூடும். எழுத்தில் விண்ணப்பியுங்கள், கடைசித் தேதிக்கு முன்பே.

படி 7: கடைசி ஆண்டும் முன்பணமும்

கடைசி ஆண்டில் சான்றிதழ் கட்டணம், மதிப்பெண் பட்டியல் நகல்கள், நேர்காணலுக்கான பயணம், நுழைவுத் தேர்வுகள் எல்லாம் ஒரே சமயத்தில் வரும். இதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே ஒதுக்குங்கள். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு எழுதுபவர்கள் தேர்வு நாளன்று நான்கு கல்வி நிறுவனங்களுக்கு இலவசமாக மதிப்பெண் அனுப்பலாம். பிறகு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம். ஆகவே பட்டியலை முன்பே முடிவு செய்து கொண்டு போங்கள்.

விடுதியிலும் ஆய்வகத்திலும் சேரும்போது கட்டிய முன்பணம் உங்களுடையது. அறைக்குள் நுழையும் அன்றே கீறல், உடைந்த கைப்பிடி என எல்லாவற்றையும் படம் எடுத்துக் காப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால், காலி செய்யும்போது பழைய சேதத்துக்கு உங்களிடம் பிடிக்க முடியாது. ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தில் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள், படிப்பு முடிந்ததும் அது மூடப்படலாம். சொந்த மின்னஞ்சலையும் இயங்கும் வங்கிக் கணக்கையும் கொடுங்கள்.